மூன்றாவது வரியில் நிற்பவர்கள்

எங்கள் சர்ச் பாடகர் குழு அந்தப் பாட்டின் மூன்றாவது வரி முடிந்ததும் நின்றுவிடும். நிற்க வேண்டிய இடம் அது இல்லை. புத்தகத்தில் அங்கே ஒரு புள்ளிகூடக் கிடையாது. ஆனாலும் சவரக் கத்தியை இரண்டு பக்கமும் துண்டில் துடைத்து எடுக்கிற நேரம் நிற்போம். பிறகு நாலாவது வரிக்குப் போவோம். இருபத்தைந்து வருஷம் அப்படித்தான் பாடினோம்.

கத்திக் கணக்கு சொல்வதற்குக் காரணம், நான் முடிவெட்டுகிறவன். குழுவில் ஆண்களின் மேல்குரல் எனக்கு. ஊரில் எந்த ரகசியமும் என் கடையில் முடி விழுவதற்கு முன்னால் விழுந்துவிடும் என்பார்கள். உண்மைதான். வாயைக் கட்டிப்போட எனக்குத் தெரியாது. வாழ்க்கையில் ஒரே ஒரு விஷயத்தை மட்டும் கட்டிக் காத்தேன். அதைச் சொல்லித் தொலைத்திருக்கலாம் என்றுதான் இப்போது இருக்கிறது.

குழுவைத் தொடங்கியவர் தபால்காரர். பக்தியால் தொடங்கினார் என்று சொன்னால் அவரே சிரிப்பார். அவருடைய அம்மாவை அடக்கம் செய்த அன்று குழியைச் சுற்றி நின்று பாடினோம். முதல் சரணம் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. இரண்டாவது யாருக்கும் தெரியவில்லை. ஆளாளுக்கு முணுமுணுத்தோம். கடைசியில் பாதிரியார் குரல் மட்டும் மிஞ்சி, அவரும் ஒரு இருமல் இருமி நிறுத்திக்கொண்டார். சாயங்காலம் என் கடை நாற்காலியில் உட்கார்ந்து தபால்காரர் அழுதார். "எங்கம்மாவப் பாதிப் பாட்டோட அனுப்பிட்டீங்களேடா." அடுத்த வியாழக்கிழமை ஒன்பது பேரைப் பிடித்துக்கொண்டுவந்து சர்ச்சின் பின்னறையில் நிறுத்திவிட்டார்.

அந்தப் பின்னறையில் உடைந்த பெஞ்சுகள், ஈரக் குடைகளின் வாசனை, காலால் மிதிக்கிற பழைய ஆர்கன். ஆர்கனின் துருத்தியை எலி கடித்து, மாவு மூட்டைத் துணியால் ஒட்டுப் போட்டிருந்தது. எங்களில் ஒருவருக்கும் இசை எழுத்து வாசிக்கத் தெரியாது. தபால்காரருக்கு ஏதோ கொஞ்சம். அவர் ஒரு வரி பாடுவார், நாங்கள் கிளிப்பிள்ளை மாதிரி திருப்பிப் பாடுவோம். சட்டியில் இருப்பதுதானே அகப்பையில் வரும். ஒரு பாட்டுக்கு நாலு மாதம் ஆகும். அடிக்குரலுக்கு மட்டும் இரண்டு பேர்தான். ஒருவர் பேக்கரிக்காரர். இன்னொருவர் மில்காரர்.

மில்காரர் என் பக்கத்து வீடு. மாவு மில்லில் கோதுமை அரைப்பவர். இருபத்தைந்து வயதிலேயே தலை, புருவம், காது மயிர் எல்லாம் வெள்ளை. ஞாயிற்றுக்கிழமை குளித்துவிட்டு வந்தால் கறுப்பு. "எல்லாருக்கும் வயசு ஏறும், எனக்குத் தண்ணி ஊத்துனா இறங்கிடும்" என்பார். ஒட்டுப் போட்ட மாவு மூட்டைத் துணி அவர் கொடுத்ததுதான். அவர் மனைவி தையல்காரி. எனக்கு அண்ணி முறை வைத்துக் கூப்பிட்டுப் பழக்கம். குழுவின் அங்கிகள் எல்லாம் அவள் தைத்தவை. ஒரே பெண் அவர்களுக்கு.

குழு தொடங்கி ஆறாவது வருஷம் மில்காரருக்கு நெஞ்சில் கோளாறு வந்தது. இரண்டு மாதம் ஆஸ்பத்திரியில் கிடந்தார். மாவுத் தூசி உள்ளே போய் நுரையீரலைக் கெடுத்துவிட்டது, மில்லை விட்டுவிடு, பாடுவதையும் விட்டுவிடு என்றார் டாக்டர். அவர் இரண்டையும் விடவில்லை. திரும்பி வந்த முதல் வியாழக்கிழமை அந்தப் பாட்டைப் பாடினோம்.

பகல் முழுதும் உழைத்த கையைப்
பற்றிக்கொள்ளும் ஆண்டவரே,
வழி மறந்து களைத்து நிற்கும் கால்களையும்
வீடு கொண்டு சேரும்.

மூன்றாவது வரி நீளம். அதன் கடைசியில் மற்றவர்கள் ஏறி இறங்கி வரும்வரை அடிக்குரல் ஒரே சுரத்தைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். மில்காரர் பிடித்தார். ஆனால் அடுத்த வரிக்கு அவரிடம் மூச்சு மிஞ்சவில்லை. முகம் கறுத்துவிட்டது. தபால்காரர் தூக்கிய கையை இறக்காமல் அப்படியே வைத்திருந்தார். எல்லோரும் காத்திருந்தோம். மில்காரர் மூச்சை இழுத்தார். மழையில் ஊறிய கதவைத் தரையில் உரசித் திறக்கிற சத்தம். இழுத்து முடித்ததும் தபால்காரர் கை இறங்கியது, "வீடு" என்று எல்லோரும் ஒன்றாகச் சேர்ந்தோம். அதைப்பற்றி யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை.

அடுத்த வாரமும் நின்றோம். அதற்கடுத்த வாரமும். நாள்போக்கில் கையைப் பார்ப்பதையே விட்டுவிட்டோம். அந்த மூச்சுச் சத்தம் காதில் விழுந்தால் போதும், நாலாவது வரி தானாக வரும். புதிதாகச் சேர்ந்தவர்கள் பாட்டே அப்படித்தான் என்று நினைத்துக் கற்றுக்கொண்டார்கள். காரணம் தெரிந்தவர்கள் பழைய ஆட்கள் ஐந்து பேர்.

மில்காரரின் மகளுக்கு அப்போது நாலு வயது. நாங்கள் பாடும்போது பெஞ்சுகளுக்கு அடியில் ஊர்ந்துகொண்டிருப்பாள். அங்கேயே பாட்டு ஒட்டிக்கொண்டது போலும். பதினேழு வயதில் இசை படிக்க வெளியூர் போனாள். படித்து, அங்கேயே வேலை பார்த்து, தபால்காரர் இறந்த பிறகு பாதிரியார் கெஞ்சிக் கேட்டதால் திரும்பி வந்தாள். பக்கத்து டவுன் பள்ளிக்கூடத்தில் பாட்டு டீச்சர், வியாழக்கிழமை எங்களுக்கு டீச்சர். வந்த முதல் வருஷமே எங்களைப் பன்னிரண்டு சர்ச்சுகளின் குழுக்கள் கூடுகிற போட்டி மேடைக்கு அழைத்துப்போனாள். அங்கேதான் ஆரம்பித்தது வினை.

திரும்பி வந்த வியாழக்கிழமை அவள் போனை ஆர்கன் மேல் வைத்து, பதிவு செய்ததைப் போட்டுக் காட்டினாள்.

"இந்த இடம். நல்லாக் கேளுங்க. நாலு செகண்டு ஒண்ணுமே இல்ல. பின்னாடி சிரிக்கிறது கேக்குதா? ஒருத்தர் பாட்டு முடிஞ்சிடுச்சுன்னு கையே தட்டிட்டாரு."

"நாங்க இப்படித்தான் டீச்சர் படிச்சோம்" என்றாள் மளிகைக்கடை அக்கா.

"யாரு சொல்லிக் குடுத்தாங்க?"

"தபால்காரர்தான்."

"அவரு வெச்சிருந்த புத்தகத்துலயே அப்படி இல்லக்கா. நான் பாத்துட்டேன். நடுவரு என்ன எழுதியிருக்காரு தெரியுமா? 'மூன்றாம் வரிக்குப் பின் காரணமில்லாத மௌனம்.' எனக்கு மேடையில அப்படியே பூமிக்குள்ள போயிடலாம்னு இருந்துச்சு. எனக்காக இல்ல. உங்களப் பாத்து அவங்க சிரிக்கிறாங்களேன்னு."

அவள் மறுபடியும் அந்த இடத்தைப் போட்டாள்.

"இன்னொண்ணு. இந்தச் சத்தம். யாரோ மூச்சு இழுக்குறாங்க. மைக்குல அப்படியே விழுந்திருக்கு. யாரு அது?"

மில்காரர் குனிந்து செருப்பு வாரைச் சரிசெய்தார். சரியாக இருந்த வார். நான் கூரையைப் பார்த்தேன். அப்போது பேக்கரிக்காரர் கையைத் தூக்கினார்.

"நான்தாம்மா."

"நீங்களா மாமா?"

"பின்ன? இந்த உடம்ப வெச்சுக்கிட்டு மூச்சு சும்மா வருமா? இழுத்துத்தான் எடுக்கணும்."

எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்துவிட்டாள். "தினமும் காலையில பத்து நிமிஷம் மூச்சுப் பயிற்சி செய்யுங்க மாமா, நான் எழுதித் தரேன்" என்றாள். செய்யாத குற்றத்துக்கு அந்த மனுஷன் மூன்று மாதம் அடுப்புக்கு முன்னால் நின்று மூக்கைப் பிடித்துக்கொண்டு பயிற்சி செய்தார். ரொட்டி வாங்க வந்தவர்கள் அவருக்கு என்னமோ ஆகிவிட்டது என்று பேசிக்கொண்டார்கள்.

சர்ச்சுக்குப் புதுக் கூரை போட்டு முடிகிற சமயம். திறப்பு விழாவுக்குப் பிஷப் வருகிறார், எல்லாவற்றையும் பதிவு செய்யப்போகிறார்கள். அந்தப் பாட்டு மூன்றாவது வரியில் நிற்காமல் ஓட வேண்டும் என்பதில் அவள் உறுதியாக இருந்தாள். தப்பு என்று யார் சொல்ல முடியும்?

சனிக்கிழமை மில்காரர் சவரத்துக்கு வந்தார். அவருக்குச் சவரம் செய்வது தனி வேலை. மூச்சு வாங்கும்போது தொண்டை எழும்பும். அந்த நேரம் கத்தியை எடுத்துவிட்டு, மூச்சு அடங்கியதும் இழுக்க வேண்டும். எனக்குக் கை பழகிவிட்டது.

"தம்பி, நீ வாயத் தொறக்கக் கூடாது" என்றார்.

"கழுத்துல கத்தி இருக்கும்போது கத்தி புடிச்சவனையே மெரட்டுற ஆளு நீங்க ஒருத்தர்தாண்ணே."

"வெளையாடாத. எம்பொண்ணுகிட்ட எவனும் ஒண்ணும் சொல்லக் கூடாது."

"பெத்த பொண்ணு. சொன்னா என்ன?"

"சொன்னா எப்போலேருந்துன்னு கேப்பா. உனக்கு நாலு வயசுலேருந்துன்னு சொல்லணும். டாக்டர் மில்ல விடச் சொன்னாரா, ஏன் விடலன்னு கேப்பா." கொஞ்சம் நிறுத்தி மூச்சு வாங்கினார். "அதுக்கப்புறம் பதினெட்டு வருஷம் அந்தத் தூசியில நின்னிருக்கேன். எதுக்குன்னு சொல்ல? உன்னப் படிக்க வெக்கன்னா? அப்புறம் அவ பாடுற ஒவ்வொரு பாட்டும் அவளுக்குக் கசக்கும்டா."

"நீங்க எப்படிப் பாடுவீங்க, நிக்காம?"

"ரெண்டாவது வரியில கொஞ்சம் விட்டுப் புடிச்சிக்கிறேன். எவனுக்குத் தெரியப்போகுது?"

"அவளுக்குத் தெரியும்ணே. அவ காது உங்க காது."

அதைக் கேட்டு அவருக்குப் பெருமைதான் வந்தது. கண்ணாடியில் என்னைப் பார்த்துச் சிரித்தார்.

அண்ணி அவருடைய கம்பளிச் சால்வையை எடுத்துக்கொண்டு கடை வாசலில் வந்து நின்றாள். எவ்வளவு நேரமாகக் கேட்டுக்கொண்டிருந்தாளோ.

"அவர நம்பாத தம்பி. இது ஒண்ணும் தியாகம் இல்ல, வெக்கம். பொண்ணு முன்னாடி ஆம்பள ஏலாதவனாத் தெரியக் கூடாது. இருவது வருஷமா நாற்காலியில உக்காந்தே தூங்குறாரு. பொண்ணு கேட்டா ரேடியோ கேட்டுக்கிட்டே தூங்கிட்டேங்கிறாரு."

"நீயாவது சொல்லேன் அண்ணி."

"சத்தியம் வாங்கிட்டாரு. இப்ப புது அங்கிக்கு அளவு எடுத்தேன், நெஞ்சுல நாலு அங்குலம் கொறஞ்சிருக்கு. டேப்பு தப்புங்கிறாரு."

"டேப்பு பழசுடி" என்றார் மில்காரர், சோப்பு நுரை முகத்தோடு.

அதற்கப்புறம் வியாழக்கிழமைகள் எங்களுக்குக் கசப்பு மருந்து. இருபத்தைந்து வருஷப் பழக்கத்தைக் கழற்றுவது லேசில்லை. மூன்றாவது வரி முடிந்ததும் கால் தானாக பிரேக் போடும். அவள் கைகொட்டி நிறுத்தி, மறுபடியும் முதலிலிருந்து என்பாள். புதியவர்கள் ஒரு மாதத்தில் கற்றுக்கொண்டார்கள். பழையவர்களுக்கு இரண்டு மாதம். மில்காரர் மட்டும் ஒவ்வொரு தடவையும் ஒரு சொல் பின்னால் வந்தார். நாங்கள் "வீடு கொண்டு" என்று போய்விட்ட பிறகு அவருடைய "வீடு" தனியாக வந்து சேரும். பிறகு அவர் கெட்டிக்காரத்தனமாக நாலாவது வரியில் வாயை மட்டும் அசைத்தார். அவள் உடனே தலையைத் தூக்கினாள்.

"அடிக்குரல்ல ஒரு ஆளு காணோமே."

யாருடையது என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. அன்றைக்கு எல்லோருக்கும் முன்னால் ஒன்றும் சொல்லவில்லை. பாடி முடித்து நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தபோது அவரிடம் வந்தாள். நான் அடுத்த வரிசையில் இருந்தேன்.

"அப்பா, தப்பா எடுத்துக்காதீங்க. இந்த ஒரு பாட்டுக்கு மட்டும் கீழ உக்காந்துக்கிறீங்களா? வயசாகுதுல்ல, அதான் கொஞ்சம் பின்னாடி வருது. மத்த பாட்டெல்லாம் நீங்கதான்."

அவர் கையிலிருந்த நாற்காலியை மெதுவாகக் கீழே வைத்தார்.

"அதுக்கென்னம்மா. நானே சொல்லணும்னுதான் இருந்தேன். எல்லாரும் மேல நின்னு பாடுனா கேக்குறதுக்கு ஆளு வேணாமா?"

"நிஜமாவே வருத்தம் இல்லையே?"

"போடி பைத்தியம்."

நான் வாயைத் திறந்தேன். அவர் அவள் தோளுக்கு மேலாக என்னை ஒரு பார்வை பார்த்தார். மூடிக்கொண்டேன். அதற்காக என்னை நான் மன்னிக்கவில்லை.

திறப்பு விழா அன்று நல்ல மழை. புதுக் கூரையில் ஒரு சொட்டு ஒழுகவில்லை. பிஷப் அண்ணாந்து பார்த்துத் திருப்தியாகத் தலையாட்டினார். நாங்கள் புது அங்கிகளில் நின்றோம். மற்றப் பாட்டுகளுக்கு எங்களோடு நின்ற மில்காரர், அந்தப் பாட்டு வந்ததும் அங்கியைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு படியிறங்கிப் போய் மூன்றாவது பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்தார்.

பாட்டு தடையில்லாமல் ஓடியது. எங்கள் குழு அவ்வளவு நன்றாக என்றும் பாடியதில்லை. அதை மறைக்கக் கூடாது. மூன்றாவது வரியின் முடிவில் நான் அவரைப் பார்த்தேன். அவருடைய தோள்கள் மேலே எழும்பின. அவர் மூச்சை இழுத்து முடிப்பதற்குள் நாங்கள் "சேரும்" வரைக்கும் போய்விட்டோம். முதலில் கைதட்டியவர் அவர்தான்.

மகள் ஓடிவந்து அவரைக் கட்டிக்கொண்டாள். "இப்ப யாராவது சிரிக்கட்டும்பா, பாக்கலாம்!"

"எவன் சிரிப்பான்? எம்பொண்ணு குவாயரு" என்றார்.

அன்றைக்கு மதியம் அவர்கள் வீட்டில்தான் சாப்பாடு. அவித்த முட்டை, சூப், பேக்கரிக்காரர் கொண்டுவந்த சூடான ரொட்டி. அண்ணி எல்லோருக்கும் பரிமாறினாள். மகளிடம் மட்டும் ஒரு வார்த்தை பேசவில்லை. "அம்மாவுக்கு என்ன சித்தப்பா கோபம்?" என்று அவள் என்னிடம் கேட்டாள். "தலைவலியா இருக்கும்மா" என்றேன். அவள் நம்பினாள்.

பிறகு ஒரு மாதம் அவர் வியாழக்கிழமைதோறும் வந்து, கதவோரமாக நாற்காலி போட்டு உட்கார்ந்து கேட்டார். அப்புறம் வாசல்வரை வந்தார். அப்புறம் வரவில்லை. ஈரக்காற்று அடிக்கிற மாதம் அது. நடுச்சுவருக்கு இந்தப் பக்கம் என் வீட்டுக்கே அவர் மூச்சு கேட்டது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். டாக்டர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, இது இன்று நேற்று வந்த வியாதி இல்லை என்றார்.

வராந்தாவில் மகள் அம்மாவின் கையைப் பிடித்தாள். "எத்தன நாளாம்மா?"

"ரொம்ப நாளா" என்றாள் அண்ணி. சத்தியம் அவளை அதற்கு மேல் விடவில்லை.

ஐந்தாம் நாள் காலை அவர் போய்விட்டார்.

வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகு நான்தான் சவரம் செய்தேன். இத்தனை வருஷத்தில் முதல்முறையாக அந்தத் தொண்டை எழும்பாமல் இருந்தது. ஆனாலும் பழக்கத்தில் என் கை நின்றது. கத்தியை எடுத்துவிட்டுக் காத்திருந்தேன். அப்புறம்தான் நினைவு வந்தது. பக்கத்தில் அண்ணி அங்கிக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். "நெஞ்சுல இன்னும் ரெண்டு அங்குலம் புடிச்சிருக்கணும், தம்பி" என்று சொல்லிவிட்டு இஸ்திரிப் பெட்டியை வைத்துவிட்டு அழுதாள். நானும் அழுதேன்.

அடக்க ஆராதனைக்கு வேறு யாராவது குழுவை நடத்தட்டும் என்று பாதிரியார் சொன்னார். மகள் கேட்கவில்லை.

"வேற யாரும் வேணாம் ஃபாதர். அப்பாவுக்கு நான்தான் செய்வேன்." எங்கள் பக்கம் திரும்பினாள். கண்கள் வீங்கியிருந்தன, குரல் நடுங்கவில்லை. "அவருக்குப் புடிச்ச அந்தப் பாட்டுதான். தப்பில்லாம பாடணும்."

தலையாட்டினோம். பெட்டி எங்களுக்கு எதிரே இருந்தது, மூன்றாவது பெஞ்சுக்கு நேராக. அவள் கையைத் தூக்கினாள். முதல் வரி, இரண்டாவது வரி. குரல்கள் கனமாக இருந்தாலும் சேர்ந்தே இருந்தன. பேக்கரிக்காரர் ஒருத்தராக அடிக்குரலைத் தூக்கிக்கொண்டு வந்தார். மூன்றாவது வரி ஏறி, இறங்கி, முடிந்தது.

நின்றுவிட்டோம்.

யாரும் யாரோடும் பேசி வைத்துக்கொள்ளவில்லை, சத்தியமாகச் சொல்கிறேன். ஐந்து மாதம் நிற்காமல் பாடிப் பழகியவர்கள், காரணமே தெரியாத புதியவர்கள்கூட, நின்றுவிட்டார்கள். அவள் கை இறங்கியது, குரல் வரவில்லை. மறுபடியும் தூக்கி இறக்கினாள். நாங்கள் கையைப் பார்க்கவில்லை. அந்தச் சத்தத்துக்காகக் காத்திருந்தோம். பெட்டி கண் முன்னால் இருக்கும்போதே, அது வரும் என்று காத்திருந்தோம். கத்தி துடைக்கிற நேரம் போயிற்று. அதற்கு மேலும் போயிற்று.

அவள் பேக்கரிக்காரரைப் பார்த்தாள். மூச்சு இழுக்கிறவர் அவர்தானே. அவர் உதட்டை இறுக்கிக்கொண்டு, கண்ணீர் தாடையில் வழிய, சும்மா நின்றார். அவருக்குப் பக்கத்தில் ஓர் ஆள் நிற்கிற இடம் காலியாக இருந்தது. அதைப் பார்த்தாள். பிறகு பெட்டியைப் பார்த்தாள். பிறகு முன்பெஞ்சில் இருந்த அம்மாவைப் பார்த்தாள். அண்ணி மெதுவாகத் தலையை அசைத்தாள், ஆமாம் என்று.

அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது. வாய் திறந்தது, நெஞ்சு எழும்பியது, சர்ச் முழுக்கக் கேட்கிற மாதிரி மூச்சை இழுத்தாள். மழையில் ஊறிய கதவு திறக்கிற அதே சத்தம். அவள் அழுவதற்காகத்தான் இழுத்தாள். நாங்கள் அதற்காகத்தானே நின்றிருந்தோம். "வீடு" என்று எல்லோரும் ஒன்றாகச் சேர்ந்துவிட்டோம்.

இன்னும் மூன்று சரணங்கள் இருந்தன. யாரையும் பாதிப் பாட்டோடு அனுப்பக் கூடாது என்றுதானே குழுவே தொடங்கியது. அவள் கண்ணைத் துடைக்காமல் கையைத் தூக்கினாள். ஒவ்வொரு சரணத்திலும் மூன்றாவது வரி முடிந்ததும் நாங்கள் நின்றோம், அவள் மூச்சு இழுத்தாள், நாங்கள் போனோம். பாட்டு முடிகிறவரைக்கும் அவளை நாங்கள் அழவிடவில்லை.